இறக்கத்தில் புகைத்த லொறி

போன மாதம் பல் வலிக்காக ஹட்டன் போயிருந்தேன். வைத்தியர் பல்லைப் பிடுங்கி அனுப்பியதும், வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு ரவீந்திரனின் கராஜுக்குள் தலையை நீட்டினேன். தோட்டத்துக் கராஜில் என் கூடவே வேலை செய்தவன், இப்போது சொந்தமாக நடத்துகிறான். உள்ளே ஒரு பெரிய புது லொறி நின்றது. ரவீந்திரனின் கையில் நட்டுக் கழற்றுகிற சாவி இல்லை, எண்ணெய்த் துணி இல்லை. பலகை மாதிரி ஒரு ஸ்கேனரை வைத்துக்கொண்டு ஸ்டைலாக நின்றான். என்ஜினில் ஒரு நட்டுகூடக் கழற்றப்படவில்லை. ஆனால் எந்த இஞ்செக்டர் டீசலை அதிகமாகக் குடிக்கிறது, எது சோம்பல் படுகிறது என்று அந்தத் திரை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

எனக்குப் பஞ்சு இல்லாவிட்டாலும் வாய் அடைத்துத்தான் போயிருக்கும். புதுச் சாமானைக் கண்டதும் முகத்தைச் சுளிக்கிற பழைய ஆள் நான் இல்லை. நாங்கள் காதால் தேடியதை அது கண்ணுக்குக் காட்டுகிறது. கும்பிட வேண்டிய சாமான்தான்.

"இது அப்ப இருந்திருந்தா அந்தக் கொழுந்து லொறிய ஒரு நிமிசத்துல புடிச்சிருப்பீங்கல்லண்ணே?" என்றான்.

"அந்த லொறியில இத சொருக ஓட்ட எங்கடா இருந்துச்சு?" என்றேன். "இருந்திருந்தாலும் மேல நிப்பாட்டி வச்சுப் பாத்தா ஒன்னும் தெரிஞ்சிருக்காது."

அங்கே வேலை செய்கிறவர்கள் "என்ன லொறி, என்ன லொறி" என்று சுற்றிக்கொண்டார்கள். பஞ்சோடு முழுக் கதையும் சொல்ல முடியுமா? எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதோ எழுதுகிறேன்.

நான் தொழில் படித்துக் கராஜுக்குப் போனவன் அல்ல. பள்ளிக்கூடமும் பிடிக்காமல் தோட்ட வேலையும் பிடிக்காமல் திரிந்த காலத்தில், ட்ரக்டர் கழுவ ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். கழுவினேன், கிறீஸ் அடித்தேன், சக்கரம் கழற்றினேன். கொஞ்சம் கொஞ்சமாக என்ஜினில் கைவைக்க விட்டார்கள். அதில் எழுத ஒன்றும் இல்லை, கராஜில் இருக்கிற எல்லாருடைய கதையும் அதுதான். எழுத வேண்டியது எங்கள் மேலாள் குணே பாஸைப் பற்றி.

பாஸ் என்றுதான் எங்கள் பக்கத்தில் மூத்த மெக்கானிக்கைச் சொல்வோம். குணே பாஸ் நாவலப்பிட்டிப் பக்கத்துச் சிங்களவர். தோட்டத்திலேயே காலம் தள்ளியதால் எங்கள் தமிழைச் சரளமாகப் பேசுவார், அவசரமாக ஏச வேண்டுமென்றால் மட்டும் சிங்களத்துக்குப் போய்விடுவார். நல்ல உயரம். குரல் மட்டும் சின்னது. அந்தக் குரலைக் கேட்பதற்காகவே கராஜில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு வேலை செய்தோம்.

அவரிடம் ஒரு வழக்கம். ஊரில் உள்ள மெக்கானிக் எல்லாரும் வேலை முடிந்த பிறகு கை கழுவுவார்கள். குணே பாஸ் இஞ்செக்டரைத் தொடுவதற்கு முன்னால் கழுவுவார். சவர்க்காரம் போட்டு, நகக்கண் வரைக்கும் தேய்த்து, கையை உதறிக் காயவிட்டு, அதற்குப் பிறகுதான் பக்கத்தில் வருவார். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. "என்ன பாஸ், கோயிலுக்கா?" என்று கேட்டும் விட்டேன்.

"மணியம்," என்றார், கோபமே இல்லாமல். "ஒங்க கையில இருக்கிற ஒரு தூசி போதும். இது செத்துப் போகும்."

அப்புறம்தான் ஒரு நொசிலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். நொசில் என்பது இஞ்செக்டரின் நுனித் துண்டு. டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை நெருக்கி நெருக்கிச் சூடாக்குவார்கள். அந்தச் சூட்டில் டீசலைத் தூவினால் தானாகவே பற்றிக்கொள்ளும். ஊற்றினால் பற்றாது, தூவத்தான் வேண்டும். தூவுகிற வேலை இந்த நொசிலுக்கு. உள்ளே ஓர் ஊசி ஏறி இறங்கும். அது இறங்கி உட்காரும் இடம் துளிகூடக் கசியாமல் அடைபட வேண்டும். நுனியில் இருக்கிற துளைகளை நான் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துத்தான் கண்டேன். இவ்வளவு சின்ன ஓட்டை வழியாகத்தான் மூட்டை மூட்டையாகக் கொழுந்தும் உரமும் விறகும் மலை ஏறுகிறதா என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. இன்றைக்கும் அந்த நினைப்பு வந்தால் சிலிர்க்கிறது, சொல்ல வெட்கமில்லை.

இனி அந்த லொறி.

அது தேயிலைக் கொழுந்தைப் பெக்டரிக்கு ஏற்றும் லொறி. எவ்வளவு தூரம் ஓடியிருந்தது என்று யாருக்கும் தெரியாது. தூரம் காட்டுகிற மீட்டர் எப்போதோ களைத்து நின்றுவிட்டது. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, நாடு முழுக்க டீசலுக்கு வரிசையில் நின்றோமே, அப்போது பீப்பாயிலும் கேனிலும் கிடைத்ததையெல்லாம் ஊற்றி ஓட்டினோம். தண்ணீரும் துருவும் கலந்து போயிருக்கும். பிறகு டீசல் தாராளமாக வந்தது, லொறியும் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற லொறியை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

அந்த நேரத்தில்தான் பெக்டரியில் பிரச்சினை கிளம்பியது. கொழுந்தை வாட்டி, உருட்டி, காயவைத்துத் தேயிலையாக்கும் பொறுப்பில் இருப்பவரை டீமேக்கர் என்போம். எங்கள் டீமேக்கர் ஐயா ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடி போட்டவர். வெற்றிலை இல்லை, சிகரெட் இல்லை, வெங்காயம்கூடத் தின்ன மாட்டார், நாக்குக் கெட்டுவிடுமாம். ஒருநாள் அவர் ஆக்கிய தேயிலையை ருசி பார்த்துவிட்டு, எண்ணெய் வாசம் வருகிறது என்றார். பெக்டரியில் வேறு யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அந்தத் தேயிலை கொழும்புக்குப் போய், அங்கேயும் அதையே சொல்லித் திருப்பிவிட்டார்கள்.

தேயிலைக்கு அப்படி ஒரு குணம். பக்கத்தில் என்ன வைத்தாலும் அதன் வாசத்தைக் குடித்துக்கொள்ளும், பச்சைக் கொழுந்தும் அப்படித்தான். டீமேக்கர் ஐயா ஒவ்வொரு பிரிவின் கொழுந்தையும் தனித்தனியாக ஆக்கிப் பார்த்தார். ட்ரக்டரில் வருகிற மேல் டிவிசன் கொழுந்து சுத்தம். கீழ் டிவிசன் கொழுந்தில் மட்டும் வாசம்.

அவர் முதலில் சந்தேகப்பட்டது லொறியைத்தான், நியாயமான மனிதர். எங்களிடம் அனுப்பினார். நாங்கள் என்ன செய்தோம்? இந்த மலையில் பிறந்து வளர்ந்த எந்த மெக்கானிக்கும் செய்வதைத்தான் செய்தோம். உர மூட்டைகளை ஏற்றி, குணே பாஸ் முன்னால் உட்கார, நான் பின்னால் தொற்றிக்கொள்ள, சாரதி யோகா கணவாய் வரைக்கும் ஏற்றத்தில் ஓட்டினான். எங்களுக்கு என்ஜின் என்றால் ஏற்றம்தான். ஏறினால் நல்ல லொறி, ஏறாவிட்டால் கெட்ட லொறி. அது ஏறியது. கொஞ்சம் கறுப்பாகப் புகைத்தது, இந்த உயரத்தில் காற்று மெலிசு, எந்த லொறியும் அவ்வளவு புகைக்கும். திரும்பி வரும்போது பாஸ் கண்ணை மூடிக்கொண்டார். இறக்கத்தில் நாங்கள் சோதிப்பது பிரேக்கை மட்டும். கராஜ் வாசலில் நின்றதுமே என்ஜினை நிப்பாட்டிவிட்டோம். லொறியில் பிழை இல்லை என்று சொல்லி அனுப்பினோம்.

லொறியில் பிழை இல்லையென்றால் பிழை ஆட்களிடம்தானே? கீழ் டிவிசன் ஆற்றோரம், ஈரம், அட்டை நிறைய. அங்கே கொழுந்து பறிக்கும் பெண்கள் அட்டைக்காகக் காலில் மண்ணெண்ணெயும் தைலமும் பூசிக்கொள்வது எல்லாருக்கும் தெரியும். பூசிய கையால் பறித்தால் வாசம் ஒட்டாதா என்று தோட்ட நிர்வாகத்துப் பெரியவர்கள் முடிவு கட்டினார்கள். எதுவும் பூசக் கூடாது என்று, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் வைத்துச் சொன்னார்கள். பூசுவதை நிறுத்தியும் வாசம் நிற்கவில்லை. அவர்கள் கள்ளத்தனமாகப் பூசுகிறார்கள் என்று ஆயிற்று. கொழுந்தைக் கழித்துவிட்டு அரைப்பேர் போட்டார்கள், அதாவது பாதி நாள் கூலி. அடுத்ததாக, கீழ் டிவிசன் மலைகளைப் பறிக்காமல் காடாக விட்டுவிடலாம் என்ற பேச்சு. அப்படி விட்டால் அங்கே லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற குடும்பங்கள் எங்கே போகும் என்று யாரும் சொல்லவில்லை.

எனக்கு இதெல்லாம் அரைகுறையாகத்தான் தெரிந்திருந்தது. கராஜுக்குப் பக்கத்தில்தான் தோட்டத்து மருந்துச்சாலை. ஒருநாள் புஷ்பம் நொண்டிக்கொண்டு வந்தாள். கீழ் டிவிசனில் கொழுந்து பறிப்பவள், எனக்குத் தூரத்து உறவில் தங்கச்சி முறை. காலைப் பார்த்தால் முழங்கால் வரைக்கும் கடி, சிலது சீழ் வைத்திருந்தது.

"என்னாம்மா இது?"

"அட்டைதாண்ணே. ஒன்னும் பூசக் கூடாதுன்னுட்டாங்கல்ல."

"இப்பவும் வாசம் வருதுங்கிறாங்களே?"

"அதான் எங்களுக்கும் வெளங்கல. சவுக்காரம்கூட போடாம மலைக்குப் போறோம். யாரு நம்புறா?" சேலையை இறக்கிக் காலை மூடிக்கொண்டாள். "நேத்து கங்காணி எங்க எல்லாத்தையும் வரிசையா நிப்பாட்டி கைய மோந்து பாத்தாருண்ணே. கொமரிப் புள்ளைய பக்கத்துல வச்சுக்கிட்டு நிக்கிறேன், என் கைய ஒரு ஆளு மோந்து பாக்குறாரு."

மருந்து வாங்கிக்கொண்டு அவள் போய்விட்டாள். அன்றைக்கு முழுக்க எதிலும் கை ஓடவில்லை.

அதற்கு இரண்டொரு நாளில் கீழ் டிவிசனில் தண்ணீர் மோட்டர் பழுது என்று என்னை அனுப்பினார்கள். போக வாகனம் இல்லை. மத்தியானக் கொழுந்தெடுக்க யோகா கீழே போனான், அவனோடு தொற்றிக்கொண்டேன். பெக்டரியில் இருந்து கீழ் டிவிசனுக்கு ஒரே இறக்கம், தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து போகிற கல்ரோடு. யோகா நிதானமான சாரதி. சின்ன கியரில் போட்டு, எக்ஸலேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டு, என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி ஓட்டினான். அப்படித்தான் ஓட்ட வேண்டும், பிரேக்கை நம்பி இறங்குகிறவன் ஆற்றில்தான் நிற்பான்.

கீழே கொழுந்து நிறுக்கிற மடுவம் மண்மேட்டை வெட்டிக் கட்டியது. மூன்று பக்கமும் மண், மேலே தகரம். லொறி பின்பக்கமாக உள்ளே போய் நிற்க வேண்டும். யோகா நிறுத்தினான், என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. என் சாமான் பெட்டியை எடுக்கப் பின்னால் போனேன்.

முகத்தில் அறைந்தது. வெள்ளைப் புகை. கறுப்பு இல்லை, வெள்ளை. கண்ணில் எரிச்சல், தொண்டையில் பச்சை டீசல். புகை வெளியே போக வழியில்லாமல் தகரத்துக்குக் கீழே சுருண்டு, அடுக்கி வைத்திருந்த கொழுந்துப் பைகளின் மேல் மெதுவாக இறங்கியது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பைகளை நிறுவைக்குத் தூக்கினார்கள். அவர்களுக்கு அது பழகிப்போன ஒன்று.

"யோகா! என்னாடா இது?"

"என்னாண்ணே?"

"புகை!"

"ஓ, இதுவா? எறங்கி வந்தா கொஞ்ச நேரம் இப்பிடித்தாண்ணே விடும். ஏத்தி முடிக்கிறதுக்குள்ள தெளிஞ்சிரும்."

"அப்ப என்ஜின நிப்பாட்டித் தொலைய வேண்டியதுதானே?"

"நிப்பாட்டினா திரும்ப ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குதுண்ணே. இங்க தள்ளி உடவும் எடமில்ல."

பெட்டியைத் திரும்ப லொறியிலேயே வைத்து, அதிலேயே மேலே போக முடிவெடுத்தேன். அவன் சொன்னபடியே, பைகளை ஏற்றி முடிப்பதற்குள் புகை குறைந்தது. பாரத்தோடு ஏற்றத்தில் மூச்சுப் பிடித்து ஏறியபோது பின்னால் எட்டிப் பார்த்தேன், வெள்ளை அடியோடு இல்லை. பெக்டரி வாசலில் போய் நின்றபோது ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றது. மேலே இருந்த யாரும் அந்தப் புகையைக் காணாததற்கு அதுதான் காரணம். எனக்கு லொறியின் மேல் கோபம் வரவில்லை. பயம் கலந்த மரியாதை வந்தது. எங்கள் எல்லாருக்கும் முன்னால் நின்றுகொண்டே ஒளித்து வைத்திருக்கிறதே!

தண்ணீர் மோட்டரை மறந்துவிட்டு நேரே குணே பாஸிடம் போனேன். முழுவதையும் கேட்டார்.

"நாங்க பிழையான பக்கம் பாத்திருக்கோம், மணியம்," என்றார்.

மறுநாள் அவரே இறங்கி வந்தார். விஷயம் இதுதான். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டால் என்ஜினுக்கு டீசல் போவது நின்றுவிடும், சிலிண்டர் உள்ளே குளிர்ந்துகொண்டே வரும். ஊசி சரியாக உட்காராத இஞ்செக்டர் அப்போதும் சும்மா இராமல் சொட்டும். கீழே வந்து என்ஜின் மெதுவாக ஓடும்போது, தூவ வேண்டியதை ஊற்றும். குளிர்ந்த சிலிண்டரில் ஊற்றியது எரியாது, வெந்தும் வேகாமலும் வெள்ளைப் புகையாக வெளியே வரும். ஏற்றத்தில் சூடேறிவிட்டால் ஊற்றினாலும் எரிந்துவிடும். அதனால் சோதனையைக் கராஜில் செய்யக் கூடாது, இறங்கி வந்த கையோடு அந்த மடுவத்திலேயே செய்ய வேண்டும் என்று பாஸ் சொல்லிவிட்டார்.

யோகா லொறியைக் கொண்டுவந்து நிறுத்தினான், வெள்ளைப் புகை வந்தது. பாஸ் கையசைத்ததும் பெண்கள் பைகளைத் தூரத் தள்ளிவைத்துவிட்டுக் கூடி நின்றார்கள். புஷ்பமும் நின்றாள். பாஸ் தன் உள்ளங்கையை லொறியின் நெற்றியில் வைத்தார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. கண்ணை மூடிக்கொண்டார். நான் சாவியோடு என்ஜின் பக்கத்தில். ஒவ்வொரு இஞ்செக்டருக்கும் டீசல் வருகிற குழாயின் நட்டை நான் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். தளர்த்தினால் அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாது. அது நன்றாக வேலை செய்கிற சிலிண்டர் என்றால் என்ஜின் ஒரு காலை இழந்த மாதிரித் தள்ளாடும். ஏற்கெனவே வேலை செய்யாத சிலிண்டர் என்றால் ஒரு மாற்றமும் இருக்காது. எந்த வரிசையில் தளர்த்துகிறேன் என்று பாஸுக்குச் சொல்லக் கூடாது, அது அவருடைய சட்டம். முன்கூட்டியே தெரிந்தால் காது பொய் சொல்லும் என்பார்.

முதலாவதைத் தளர்த்தினேன், லொறி குலுங்கியது. இறுக்கினேன். நாலாவதற்குப் போனேன், கொஞ்சம்தான் குலுங்கியது. இரண்டாவதில் நன்றாகக் குலுங்கியது. மூன்றாவதில் சாவியை வைத்துத் திருப்பினேன், டீசல் நட்டோரம் நுரைத்து வழிந்தது. என்ஜின் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. புகை மட்டும் குறைந்தது.

பாஸ் கண்ணைத் திறக்கவில்லை. "திரும்ப. வேற வரிசையில."

திரும்பச் செய்தேன். மூன்றாவதில் நிறுத்தியதும், "ஆ, இது," என்றார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, அந்தச் சின்னக் குரலில், "நீங்க பைய அங்கேயே வைங்க, கிட்ட கொண்டு வர வேணாம்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். மெஷின் முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை அவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். புஷ்பம் என் முகத்தைப் பார்த்தாள். நான் மெல்லத் தலையாட்டினேன், பாஸுக்குத் தெரியாமல்.

டீமேக்கர் ஐயா லேசில் ஒத்துக்கொள்கிறவர் இல்லை. லொறியில் பிழை இருக்கலாம், வாசத்துக்கு அதுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார். அதையும் நியாயமாகத்தான் கேட்டார். அன்றைக்கே கீழ் டிவிசனில் ஒரே மலையில் பறித்த கொழுந்தில் ஒரு பையை வழக்கம்போல லொறிக்குப் பின்னால் வைத்தோம். இன்னொரு பையைத் தூரத்திலேயே வைத்து ஓட்டோவில் மேலே அனுப்பினோம். இரண்டையும் அவர் தனித்தனியாக வாட்டி, கையாலேயே உருட்டி, காயவைத்தார். அடுத்த நாள் காலை எங்களை ருசி பார்க்கும் அறைக்குக் கூப்பிட்டார்.

வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே நிறத்தில் பால் விடாத சாயத்தண்ணி. எனக்கும் கரண்டியால் கொடுத்தார். ஒன்றைக் குடித்தேன், மற்றதைக் குடித்தேன். இரண்டும் தேத்தண்ணிதான். வேறு என்ன சொல்ல? பிறகு அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். பாஸ் கோப்பைகளை இடம் மாற்றினார். ஐயா திரும்பி வந்து, உறிஞ்சி, துப்பி, ஒன்றை விரலால் தள்ளினார். லொறிப் பக்கம் இருந்த பை. மறுபடி மாற்றினோம், அதே கோப்பையைத் தள்ளினார். பாஸ் பிடிவாதமாக மாற்றிக்கொண்டே இருந்தார். ஐயாவின் நாக்கு ஒரு தடவைகூட ஏமாறவில்லை.

குணே பாஸ் அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். ஒரு பெரிய தொழில்காரன் இன்னொரு பெரிய தொழில்காரனைக் கண்டுகொண்ட பார்வை. "சேர்," என்றார், "ஒங்க நாக்க நான் கழட்டிப் பாக்கணும்."

ஐயா முதன்முதலாகச் சிரித்தார். "நீங்க அந்த இஞ்செக்டரக் கழட்டுங்க. நானும் பாக்க வாறேன்."

வந்தார். கை கழுவச் சொன்னோம், கழுவினார். பாஸ் முதலில் இஞ்செக்டர்களைச் சுற்றியிருந்த அழுக்கைத் தூரிகையால் தட்டி, துணியால் துடைத்து, அதற்குப் பிறகுதான் கழற்றினார். கழற்றிய ஓட்டைகளைச் சுத்தமான துணியால் அடைத்தார். நாலையும் வெள்ளைத் துணியில் வரிசை மாறாமல் படுக்கவைத்தார். சோதிக்கிற மெஷின் ஒரு கைப்பம்பும் ஒரு மீட்டரும்தான். இஞ்செக்டரை அதில் பூட்டிப் பிடியை அழுத்தினால், என்ஜினுக்குள் நடப்பது நம் கண்ணுக்கு முன்னால் நடக்கும்.

"எல்லாரும் கைய பின்னுக்குக் கட்டுங்க," என்றார் பாஸ். டீமேக்கர் ஐயாவும் கட்டினார். அந்தத் தூவலுக்கு முன்னால் விரலை நீட்டினால் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். விரலையே வெட்ட வேண்டி வரலாம். அதனால் பாஸின் கராஜில் எல்லாரும் இஞ்செக்டருக்கு முன்னால் கைகட்டித்தான் நிற்போம்.

முதல் இஞ்செக்டரைப் பூட்டிப் பிடியை மெதுவாக அழுத்தினார். மீட்டர் ஏறியது. திறப்பதற்குச் சற்று முன்னால் நிறுத்திப் பிடித்தார். நுனி காய்ந்தே இருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். 'கர்ர்' என்று ஒரு சத்தம், நுனியைச் சுற்றி வெண்புகை மாதிரி ஒரு மூட்டம் பூத்து அப்படியே கலைந்தது. குளிர்காலக் காலையில் நாம் விடுகிற மூச்சு மாதிரி. டீமேக்கர் ஐயா "அடேயப்பா" என்றார். நானும் எத்தனையோ தரம் பார்த்தவன்தான், எனக்கும் அதேதான் வாயில் வந்தது.

மூன்றாவதைப் பூட்டினார். மீட்டர் பாதி ஏறுவதற்குள்ளேயே நுனி நனைந்தது. ஒரு துளி திரண்டது. அது பருத்து, நீண்டு, விழுந்தது. இன்னொன்று திரண்டது. முழுக்க அழுத்தியபோது கர்ர் சத்தமே இல்லை. மூட்டமும் இல்லை. கோணலாக ஒரு நூல் மட்டும் பீச்சியது.

"இவ்வளவுதானா?" என்றார் ஐயா.

"இவ்வளவுதான் சேர்," என்றார் பாஸ். அப்போதுதான் தீர்ப்புச் சொன்னார். "இதுதான் ஒங்க வாசம்."

அந்தத் துளியை நான் இன்னும் நினைத்துக்கொள்கிறேன். ஒரு கொழுந்து இலையில் நிற்கிற பனியைவிடச் சின்னது. அது ஒரு டிவிசன் முழுக்கப் பெண்களை வரிசையில் நிறுத்திக் கையை மோந்து பார்க்க வைத்தது, கூலியைப் பாதியாக்கியது, அட்டைக்குக் காலைக் கொடுக்க வைத்தது. இவ்வளவு சின்னதற்கு இவ்வளவு பலமா என்று எனக்குப் பயமாக இருந்தது. டீமேக்கர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

கண்டியில் இருந்து புது நொசில்கள் வந்தன. நாலாவதும் பலவீனம்தான், அதனால் நாலையும் மாற்றினோம். ஒவ்வொன்றும் ஒரே அழுத்தத்தில் திறக்கும்படி, உள்ளே மெல்லிய வட்டத் தகடுகளை வைத்து, எடுத்து, வைத்துச் சரிபார்த்தார் பாஸ். பூட்டி முடித்து யோகா சாவியைத் திருப்பினான். தொட்டதும் பிடித்துக்கொண்டது. அவன் நிப்பாட்டித் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தான், புது விளையாட்டுச் சாமான் கிடைத்தவன் மாதிரி. "போதும்டா, பெட்டரி செத்துரும்," என்று நான்தான் ஏச வேண்டியிருந்தது.

டீமேக்கர் ஐயா தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போய்ப் பேசினார். கழித்த கூலியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள், மலையைக் காடாக விடுகிற பேச்சும் நின்றது. அதோடு ஐயா பெக்டரிக்குள் இருந்திருக்கலாம். இல்லை, கீழே போகிறேன் என்றார். நானும் பாஸும் கூடப் போனோம்.

லொறி இறங்கி மடுவத்தில் பின்பக்கமாக நின்றது. யோகா என்ஜினை நிப்பாட்டினான். பெண்கள் மூக்கைப் பொத்தத் தூக்கிய முந்தானையைப் பாதியில் விட்டுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த மடுவத்தில் ஆற்றுச் சத்தம் கேட்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கவனித்தேன்.

ஐயா பையில் இருந்து ஒரு பிளாஸ்க்கை எடுத்தார். கூடவே ருசி பார்க்கிற வெள்ளைக் கோப்பைகள். புது நொசில் போட்ட பிறகு கொண்டுபோன கீழ் டிவிசன் கொழுந்தில் ஆக்கிய தேயிலை அது. அவர் கையாலேயே ஊற்றி நீட்டினார். யாரும் முன்னால் வரவில்லை. எங்கள் வீடுகளில் குடிப்பது சலித்துக் கழித்த தூள் தேயிலை. பெக்டரியில் ஆக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிற தேயிலையை அந்தப் பெண்கள் யாரும் குடித்தவர்கள் இல்லை. கடைசியில் புஷ்பம் வந்து வாங்கினாள். ஒரு வாய் குடித்தாள். முகம் சுருங்கியது.

"சீனி போடலிங்களா ஐயா?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஐயாவும் சிரித்தார்.

"சீனி போட்டா வாசம் தெரியாதும்மா. நல்லா மோந்து பாத்துட்டுக் குடிங்க."

அவள் கோப்பையை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். நீளமாக மூச்சை இழுத்தாள். இன்னொரு வாய் குடித்தாள், இந்தத் தடவை மெதுவாக.

"இது நம்ம கொழுந்தா?"

"ஒங்க கொழுந்துதாம்மா," என்றார் டீமேக்கர் ஐயா. "ஒரு எண்ணெ வாசமும் இல்ல. அத ஒங்ககிட்ட நேருல சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

புஷ்பம் கோப்பையை அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"அதத்தாங்க ஐயா நாங்க அன்னைக்கே சொன்னோம்."

யாரும் சிரிக்கவில்லை. ஐயா கோப்பையைக் கீழே வைத்தார்.

"சொன்னீங்கம்மா," என்றார்.